ஆறு சோடிச் செருப்பும் ஒரு தொப்பிச் சோறும்

1

சென்ற கிழமை கிளினிக்கிலிருந்து இவருக்கு ஒரு படிவம் வந்தது. இருதயப் பரிசோதனைக்குப் போகமுன் நிரப்பிக் கொண்டுவர வேண்டிய நாலு பக்கம். மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை, குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுப்பது இவருடைய வேலை. கலியாணம் கட்டிய புதிதில் பிரித்துக்கொண்டது, இன்றுவரை மாறவில்லை. இதில் எனக்குத்தான் நட்டம். குப்பை கிழமைக்கு ஒருமுறைதான் வரும். இந்த நாட்டில் படிவம் அப்படியல்ல.

குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்து எழுதத் தொடங்கினேன். புகைப்பாரா, இல்லை. குடிப்பாரா, விருந்துகளில். வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி என்ற கேள்விக்கு, மனச்சாட்சியோடு கொஞ்சம் பேரம்பேசி, இரண்டு என்று போட்டேன். மூன்றாம் பக்கத்தில் குடும்ப விபரம் வந்தது. தகப்பன், தாய், சகோதரர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பெட்டிகள். ஒன்று உயிருடன் இருக்கிறார், மற்றது இறந்துவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்த இரண்டு பெட்டிகளோடு எங்களுக்கு நெடுநாள் பிணக்கு. அது இந்தத் தை மாதம் லாவோஸில் ஒரு சின்னக் கிராமத்தில் கொஞ்சம் இளகியது. ஊரில் உள்ளவர்களுக்கு அதை எழுதிப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், படிவம் வந்து ஞாபகப்படுத்திவிட்டது.

2

பயணம் மகளின் ஏற்பாடு. எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு ஆரணி தன் முதல் சம்பளத்தைச் சேர்த்துப் பத்து நாள் சுற்றுலாவுக்குக் கட்டிவிட்டாள். தலைநகர் வியஞ்சானில் தொடங்கி லுவாங் பிரபாங் வரை வான் வண்டியில் தரைவழியாகப் போவது, வழியெல்லாம் கோயில்களும் கிராமங்களும். கோயில் என்றால் அம்மா அப்பாவுக்குப் பிடிக்கும் என்பது அவளுடைய கணக்கு. எல்லாம் புத்த கோயில் என்பது அவளுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அவள் மெல்பேர்னில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த புத்தர் செடி விற்கும் கடையில் பூச்சாடிகளுக்கு நடுவில் இருப்பவர், தள்ளுபடி விலையில்.

இவர் அந்தப் பயணத் தாளை இரண்டுமுறை வாசித்துவிட்டு, நல்லது பிள்ளை என்று சொல்லி, குப்பைத் தொட்டியை இழுக்கப் போய்விட்டார். அன்று குப்பை நாள்கூட இல்லை.

இவருடைய அண்ணர் பெயர் யோகநாதன். ஊரில் சண்டைக் காலத்தில், இவருக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது, இருவரும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். ஒரு வீதித்தடையில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். தடைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விகாரை. அண்ணரை மட்டும் அந்த வளவுக்குள் கூட்டிப்போனார்கள். தம்பியைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அண்ணர் வெளியே வந்ததை இன்றுவரை யாரும் காணவில்லை.

அன்றிலிருந்து இவர் புத்த கோயில் வாசலை மிதித்ததில்லை. ஆட்களோடு ஒரு கோபமும் இல்லை. இங்கே இவர் பஸ் சாரதி. இவருடைய பாதையில் ஒரு விகாரை இருக்கிறது. காவியுடுத்த பெரியவர் ஒருவர் அடிக்கடி ஏறுவாராம். அவர் இருக்கையில் அமரும்வரை இவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார். வாசலோடு மட்டும்தான் இவருடைய கோபம்.

பிறகு பெட்டிகள். அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்த முதல் படிவத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. இவர் இரண்டையும் வெறுமையாக விட்டார். மூன்று மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. "தெரியாது" என்று எழுதி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. படிவம் நிரப்பித் தரும் முகவர் ஒருவர், இறந்துவிட்டார் என்று போடுங்கோ, கெதியில் அலுவல் முடியும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இவர் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். குடியுரிமை எடுக்கும்போதும் இதே கூத்து. மாமியின் திவசத்துக்கு ஐயரிடம் போனபோது, மூத்தவருக்கும் சேர்த்துச் செய்யலாமே, திதி என்ன என்று கேட்டார். திதி இல்லை என்றார் இவர். அதோடு திவசமும் இல்லை. செய்தால் அண்ணர் செத்ததாக இவரே ஒப்பமிட்ட மாதிரி ஆகிவிடும். செய்யாவிட்டால் ஒரு பிடி சோறும் இல்லாமல் அண்ணரை விட்ட மாதிரி. இரண்டுக்கும் நடுவில் மனிதர் இத்தனை வருடமாக நிற்கிறார்.

மகளுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்தது எங்கள் பிழை. சொல்லாத ஒன்றை அவள் எப்படி யோசித்து ரிக்கெற் எடுப்பாள்?

3

சுற்றுலா வானில் எங்களோடு நாலு பேர். அவுஸ்திரேலியாவின் பலரற் நகரிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒன்று, எதைக் கண்டாலும் சிரிக்கும் இரண்டு டச்சுப் பெண்கள். வழிகாட்டி முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். தன் பெயர் நோய் என்று அறிமுகம் செய்தாள். அவர்கள் பாஷையில் சின்னவள் என்று பொருளாம். இவ்வளவு வடிவான பிள்ளையை அப்படிக் கூப்பிட இவருக்கு மனம் வரவில்லை. பத்து நாளும் "பிள்ளை" என்றே கூப்பிட்டார். மூன்றாம் நாள் அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். டச்சுப் பெண்களும் அவளைப் பிள்ளை என்றார்கள்.

பஸ் சாரதியைப் பயணியாகக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போவது பெரிய தொல்லை. ஒவ்வொரு வளைவிலும் இவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கும். மண் சரிந்த இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். உண்மையான சாரதி ஒரு கையால் மந்தரின் தோடம்பழம் உரித்துக்கொண்டு ஓட்டினான். இரண்டாம் நாள் மாலை இருவரும் ஒரு பொதுப் பாஷையும் இல்லாமல் வானின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கதைத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கால் கொஞ்சம் அடங்கியது.

முதல் கோயில் வியஞ்சானில். தங்கப் பூச்சுக் கூரை, படியில் நாகங்கள். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். இவர் கழற்றவில்லை.

"நீர் போயிட்டு வாரும். நான் செருப்பைப் பாக்கிறன்," என்றார்.

கோயில் வாசலில் செருப்புக் களவு போவது எங்கள் ஆட்களுக்கு ஒரு பரம்பரைப் பயம். ஆகவே காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. லாவோஸில் யாரும் செருப்புத் திருடுவதில்லை என்று நோய் சொன்னாள். இவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது கோயிலிலும் அதே. மூன்றாவதில் ஆசிரியர் மனைவி தன் கைப்பையையும் ஒப்படைத்தார். ஐந்தாவதில் டச்சுப் பெண்கள் கமெரா, தண்ணீர்ப் போத்தல், வாடகைக்கு எடுத்த சைக்கிள் பூட்டின் திறப்பு எல்லாவற்றையும் கொடுத்தார்கள். நாங்கள் வெளியே வரும்போது, நோயினுடையதும் சேர்த்து, ஆறு சோடிச் செருப்பும் கால் அளவு வாரியாக வரிசைப்பட்டு, முன்பக்கம் வீதியைப் பார்த்தபடி, காலை நுழைத்தால் போதும் என்ற மாதிரி இருக்கும். இவ்வளவு நல்ல மனிதரை எங்கே பிடித்தீர்கள் என்று ஆசிரியர் மனைவி என்னிடம் கேட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. உள்ளே எல்லாரும் சோடி சோடியாக நின்று ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். கலியாண நாளுக்கு வந்த நான் தனியாக நிற்கிறேன். இரவில் வீடியோவில் வரும் ஆரணி, கோயிலுக்குள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் எங்கே என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். அப்பாவிடம் நேரேயும் கேட்டாள்.

"இட்ஸ் ஜஸ்ட் எ டெம்பிள், அப்பா."

"ஓம் பிள்ளை," என்றார் இவர். அவ்வளவுதான். அவள் பாஷையில் பதில் சொல்ல இவரிடமும் சொல் இல்லை, எங்கள் பாஷையில் சொன்னால் அவளுக்கும் விளங்காது. நான் போனை வாங்கி, காலநிலை பற்றிக் கதைத்தேன்.

4

ஏழாம் நாள் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் தங்கினோம். மரத்தூண்களில் நிற்கும் வீடுகள், கீழே தறியும் கோழிகளும். அந்த ஊரில் ஒட்டுகிற அரிசியை மூங்கில் கூடையில் அவிக்கிறார்கள். ஆவி பறக்கும் கூடையைக் கண்டதும் எனக்குப் புட்டு ஞாபகம் வந்து வயிறு கூவியது. அதைக் கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும் என்றதும் இவருக்குப் பரம சந்தோசம். முள்ளுக்கரண்டியோடு போராடிய ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்து, விரல் நுனியால் எப்படி உருட்டுவது என்று வகுப்பெடுத்தார்.

மறுநாள் விடியற்காலை பிக்குகள் வீதியில் வரிசையாக வருவார்கள், ஊர்ச்சனம் ஓரத்தில் பாய் போட்டு முழங்காலில் இருந்து அவர்களுடைய பாத்திரத்தில் சோறு போடும், விரும்பியவர்கள் வரலாம் என்று நோய் சொன்னாள். நான் இவரைப் பார்த்தேன்.

"றோட்டிலதானே," என்றேன். "கோயில் இல்லையே. வாங்கோ."

றோட்டுதான் என்று இவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பிக்குகளுக்குக் கொடுக்கவென்று சோறு வாங்கவில்லை. பாயில் இருப்பதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் அல்லவா, அதைப் பார்க்க ஒருவர் வேண்டுமாம்.

நல்ல குளிர், ஆற்றிலிருந்து பனிப்புகார் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேரும் மடியில் சிறு கூடைச் சோறோடு பாயில் இருந்தோம். இவர் வரிசையின் கடைசியில், எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு பலகைத் துண்டில் குந்தியிருந்தார். இவருக்கு அந்தப் பக்கம் ஊரின் வறிய சனம் சிலர் வெறும் கூடையோடு இருந்தார்கள். பிக்குகள் தங்களுக்கு வந்த சோற்றில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். இந்தச் சங்கதி இவருக்குத் தெரியாது.

ஏழு பிக்குகள் வந்தார்கள். முன்னால் வந்தவர் மிக வயதானவர், வெறுங்கால். எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிடி சோறு வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்தார். கடைசியில் இவரிடம் போனார். கோயிலில் யாராவது முன்னுக்கு வந்து நின்றால் எங்கள் ஆட்களின் கை என்ன செய்யும்? வலது கையை இடது கைமேல் வைத்துக் குழித்து நீட்டும். தீர்த்தமோ திருநீறோ பஞ்சாமிர்தமோ, வருவதை வாங்கும். இவருடைய கையும் தன்பாட்டில் நீண்டுவிட்டது.

பெரியவர் நின்றார். ஆறாம் இலக்கச் சப்பாத்திலிருந்து பதினோராம் இலக்கச் சப்பாத்துவரை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு கைநீட்டி இருக்கும் இந்த மனிதரை ஒருகணம் பார்த்தார். பிறகு தன் பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு உருண்டை சோறு எடுத்து, குழித்த கையில் வைத்தார்.

பெரியவர் செய்தால் மற்றவர்கள் விடுவார்களா? இரண்டாமவர் ஒரு உருண்டை வைத்தார். மூன்றாமவர் வைக்கும்போது கை நிறைந்துவிட்டது. சோற்றைக் கீழே போட எங்கள் வளர்ப்பு விடாது. இவர் அவதிப்பட்டுத் தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றி ஏந்தினார். வெயிலுக்கென்று ரோவிலில் வாங்கிய, காது மூடும் அகலமான தொப்பி. ஏழு பேரும் போன பிறகு அது பாதி நிரம்பியிருந்தது. டச்சுப் பெண்கள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இவரைப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் குனிந்து பார்த்தபடியே இருந்தார்.

5

பிக்குகள் வீதி முடிவில் நின்று ஏதோ ஓதத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்கள் எழும்பிப் போய் ஒரு மரத்தடியில் சின்னப் போத்தல்களிலிருந்து தண்ணீர் வார்த்தார்கள். வார்க்கும்போது உதடு அசைந்தது. போனவர்களின் பெயரைச் சொல்லி ஊற்றுவதாக நோய் விளக்கினாள். இப்போது கொடுத்த சோற்றின் புண்ணியம் தண்ணீரோடு அவர்களுக்குப் போய்ச் சேருமாம். என்னிடமும் ஒரு போத்தல் தந்தாள். நான் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி ஊற்றினேன்.

திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார், தொப்பியோடு. இத்தனை நாளில் முதல்முறையாகச் செருப்புகளை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பிள்ளையிட்டக் கேளும்," என்றார். "செத்தவைக்கு மட்டும்தானோ ஊத்துறது?"

கேட்டேன். நோய் என்னைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். தன் அம்மாவின் தம்பி ஒருவர் சண்டைக் காலத்தில் ஆற்றைக் கடந்து போனவர், ஒரு சேதியும் வரவில்லை, அம்மா ஒவ்வொரு முறையும் அவருக்கும் ஊற்றுவார் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள், போதும்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். இவர் தொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போத்தலை வாங்கினார்.

"கந்தையா யோகநாதன்," என்றார். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி முழுப்பெயராக, உரத்து. இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை முழுதாக இவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். மற்றவர்கள் எல்லாம் நூலிழை மாதிரி மெல்ல வார்க்க, இவர் போத்தலைக் கவிழ்த்து ஒரே ஊற்றாக ஊற்றினார். தண்ணீர் வேரில் பட்டுச் சப்பாத்தெல்லாம் தெறித்தது. பிறகு வெறும் போத்தலை நோயிடம் நீட்டினார்.

"பிள்ளை, இன்னொண்டு தாரும். இது காணாது."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாவது போத்தலைப் பெயர் சொல்லாமல் நேரமெடுத்து ஊற்றினார். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை. நானும் துடைக்கச் சொல்லவில்லை.

தொப்பிச் சோற்றை என்ன செய்வது? வெறுங்கூடையோடு இருந்தவர்களுக்கு முக்கால்வாசியைப் பகிர்ந்தார். மீதியை வானுக்குள் வைத்து, நான் மெல்பேர்னிலிருந்து கொண்டுவந்த இடிச்சம்பலோடு எல்லாருமாகச் சாப்பிட்டோம். ஆசிரியருக்கு உறைப்பில் காது சிவந்தது, ஆனாலும் இரண்டாம் உருண்டை கேட்டார். தொப்பி மட்டும் பிறகு தொப்பியாக இல்லை. எவ்வளவு தோய்த்தாலும் பசை போகவில்லை.

6

லுவாங் பிரபாங்கில்தான் எங்கள் கலியாண நாள் வந்தது. ஊரின் பெரிய கோயில், தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த கூரை. கிராமத்தில் நடந்ததற்குப் பிறகு, இன்றைக்கு உள்ளே வருவார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. சேலை வேறு கட்டியிருந்தேன்.

வாசலில் இவர் நின்றார். கழற்றுவதற்குக் குனிகிறார் என்று நினைத்தேன். ஆசிரியரின் சப்பாத்தை எடுத்து நேராக்கினார்.

"நீர் போம்," என்றார். "எனக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு."

ஏலாது என்று இவர் சொன்னது அன்றுதான். அதுவரை செருப்பு ஒரு சாட்டு. எனக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கழற்றிய ஒற்றைச் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சேலையை ஒதுக்கி, படியில் இவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். உள்ளே மணி அடித்தது. நாங்கள் வெளியே இருந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். லாவோஸ் முழுவதிலும் நான் அதிகம் ரசித்த கோயில் அதுதான். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நோய் வந்து படம் எடுத்தாள். சேலையில் நான், பசைத் தொப்பியில் இவர், முன்னால் ஐந்து சோடிச் செருப்பு. அதை ஆரணிக்கு அனுப்பினோம். கோயில் எங்கே என்று உடனே கேட்டு எழுதினாள். அன்று இரவு இவரே அவளைக் கூப்பிட்டு, தெரிந்த ஆங்கிலமும் தெரியாத ஆங்கிலமும் கலந்து, பெரியப்பாவைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். கடைசியில், அவர் என்ன மாதிரி இருப்பார் அப்பா என்று தமிழில் கேட்டாள். பிழையான தமிழ்தான். இவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார்.

7

இனிப் படிவத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தைத் திறந்தபடி குசினி மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரவு வந்து பார்த்தால் இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் இருக்கிறார். எங்கள் வீட்டில் இது நடவாத காரியம்.

"இஞ்சருங்கோ, அது என்ர வேலை," என்றேன்.

"முடிஞ்சுது," என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

தகப்பனுக்கும் தாய்க்கும் சரியான பெட்டியில் சரி போட்டிருந்தார். சகோதரர் என்ற இடத்தில் அச்சடித்த இரண்டு பெட்டிகளையும் தொடவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில், அடிமட்டம் வைத்து, அதே அளவில் மூன்றாவதாக ஒரு பெட்டி கீறியிருந்தார். அதற்கு எதிரே ஒரு விளக்கமும் எழுதவில்லை. பெட்டிக்குள் மட்டும் பொடி எழுத்தில், தமிழில், யோகநாதன் என்று இருந்தது.

கிளினிக்கில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும் என்று ஆயத்தமாக நின்றேன். வரவேற்பில் இருந்த பிள்ளை நாலு பக்கத்தையும் புரட்டி, எல்லாம் நிரப்பியிருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.